ஆழ்கடலில் ஒரு பிரசவ வீடு



நம் விலங்கியல் துறை அலமாரியில், ஃபார்மலின் ஜாடிக்குள் ஒரு ஆக்டோபஸ் இருந்தது ஞாபகம் இருக்கா? மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, அதுதான். தனியே திரிகிற பிராணி என்றுதான் அன்று படித்தோம்.

ஆனால் 2018-ல் ஓர் ஆச்சரியம். அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு அப்பால் கடலுக்குள்ளேயே டேவிட்சன் என்ற அணைந்த எரிமலை நிற்கிறது. நாட்டிலஸ் என்ற ஆய்வுக் கப்பல் இறக்கிய கேமரா, அதன் அடிவாரத்தில், சுமார் 3,200 மீட்டர் ஆழத்தில், ஆயிரக்கணக்கான ஆக்டோபஸ்களைக் காட்டியது! பெரும்பாலானவை அடைகாக்கும் தாய்கள்.

ஏன் அங்கே கூடுகின்றன? ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, 2023-ல் விடை சொன்னார்கள். சுற்றியுள்ள நீரின் வெப்பம் வெறும் 1.6 டிகிரி செல்சியஸ். பாறை இடுக்குகளில் கசியும் நீரோ 10 டிகிரி வரை போகிறது. குளிரில் முட்டைக்குள் குஞ்சு வளர வெகுகாலம் ஆகும். அதே கலிபோர்னியா கடலில் வேறோர் இனத் தாய் 53 மாதம் அடைகாத்ததை 2007 முதல் 2011 வரை கவனித்திருக்கிறார்கள். இங்கே இரண்டு வருஷத்துக்குள் பொரித்துவிடுகிறது. நாள் குறையக் குறைய முட்டைகளுக்கு ஆபத்தும் குறைகிறது. குஞ்சுகள் வெளிவந்ததும் தாய் இறந்துவிடுகிறாள். அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அதனால்தான் அந்தக் கதகதப்பான இடுக்கு.

மாணவச் செல்வங்களே, ஒன்றைக் கவனியுங்கள். அந்த மலையை 2008-லேயே பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியில் சேர்த்துவிட்டார்கள். தாய்களைக் கண்டது பத்து வருஷம் கழித்து! ‘என்ன இருக்குன்னு தெரிஞ்ச பிறகு பார்த்துக்கலாம்’ என்று விட்டிருந்தால்? இன்று உலோகங்களுக்காக ஆழ்கடலைத் தோண்டப் பல நாடுகளும் கம்பெனிகளும் முனைந்து நிற்கின்றன. அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

அந்தக் கணக்கை எடுக்க உங்களில் நாலு பேராவது கிளம்புங்கள். ஜாடியைப் பார்த்ததோடு நாங்கள் நின்றுவிட்டோம், நீங்கள் நிற்காதீர்கள்.