தூக்கிச் செல்வது போதாது
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)

இப்பள்ளியிலிருந்து ஒன்றாக மருத்துவபீடம் சென்ற எங்கள் நால்வரின் சார்பில் பேசுகிறோம்.

நாங்கள் படித்த காலத்தில் பல்கலைக்கழக விடுதியில் கலைப்பீடத் தோழி ஒருவர் எங்களோடு இருந்தார். சிறுவயதில் ஷெல் துண்டு முள்ளந்தண்டைத் தாக்கியதால் சக்கரநாற்காலியில் நடமாடியவர். அவரது விரிவுரைகள் மேல்மாடியில் நடந்தன, மின்தூக்கி இல்லை. காலையில் நாங்கள் நால்வரும் அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்று விட்டுவிட்டு எங்கள் வகுப்புக்கு ஓடுவோம். பின்னேரம் வந்து இறக்குவோம். இப்பள்ளி பழக்கிய பண்பு இது என்று உள்ளூரப் பெருமையும் பட்டோம்.

இறுதியாண்டில் சிறுநீர்த் தொற்றுக் கடுமையாகி அவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அங்கேதான் சொன்னார்: "நீங்கள் தூக்கினதை மறக்கமாட்டன். ஆனா மேல ரொய்லெற்றுக்குள்ள நாற்காலி போகாது. அதால நான் பின்னேரம் மட்டும் தண்ணி குடிக்கிறேல்லை."

முள்ளந்தண்டில் காயமுற்றவர் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகத்துக்கு என்ன நேரும் என்று பரீட்சையில் எழுதியவர்கள் நாங்கள். ஆனால் அவரிடம் ஒருநாளாவது கேட்கவில்லை.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இருந்தும் வாசலில் சாய்தளம் ஒன்றைக் கட்டியதும் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். உள்ளே கதவு அகலமா, அதே மாடியில் மலசலகூடம் உண்டா, பார்வையற்ற மாணவிக்குக் குறிப்புகள் கணினியில் வாசிக்கும் வடிவில் முன்கூட்டியே கிடைக்குமா, செவிப்புலனற்றவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் உண்டா என்பதெல்லாம் பிறகுதான் தெரியவருகிறது. எல்லாவற்றுக்கும் பணமும் தேவையில்லை. அன்று அந்த விரிவுரைகளைக் கீழ்மாடிக்கு மாற்ற ஒரு நேரசூசியைத் திருத்தியிருந்தாலே போதும். அதையும் நாங்கள் கேட்கவில்லை.

இப்போது எமது நூற்றாண்டு மண்டபத்துக்கு நிதி சேர்கிறது. வரைபடத்தில் மேடைக்கு ஏழு படிகள். மூன்றரை அடி உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. ஆகவே 42 அடி வேண்டும். கட்டி முடித்தபின் அவ்வளவு இடத்தை எங்கே தேடுவது? பரிசளிப்பு விழாவில் எங்கள் பிள்ளை ஒருத்தி மேடைக்குக் கீழே இருந்து பரிசு வாங்கும் நிலை வரக்கூடாது.

எனவே எங்கள் வகுப்பின் பங்களிப்பை அந்தச் சாய்தளத்துக்கும், நாற்காலி திரும்பக்கூடிய ஒரு மலசலகூடத்துக்குமென ஒதுக்குகிறோம். அத்திவாரம் வெட்டுமுன் வரைபடத்தைச் சக்கரநாற்காலியில் வாழும் ஒருவரிடம் காட்டுமாறு சங்கத்தைப் பணிவோடு வேண்டுகிறோம். எங்கள் தோழி இன்று ஆசிரியையாக இருக்கிறார். வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.