பிரசாவுரிமை கோருமுன்



கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய நம் கரையோர ஊர்களில், பொருள் தேடி வளைகுடா நாடொன்றுக்குச் சென்றவர் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. குடும்பத்தோடு அங்கே வாழ்வோரும் உளர். அந்நாடுகளில் நம்மவர்க்குப் பிள்ளை பிறந்தால், பிறந்த மண் என்னும் காரணத்தால் அவை அப்பிள்ளைக்குப் பிரசாவுரிமை வழங்குவதில்லை. பெற்றோரின் நாடாகிய இலங்கையே வழங்குதல் வேண்டும். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ, அப்பிறப்பை ஓராண்டுக்குள் நம் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிவு செய்யும்படி விதிக்கின்றது. தக்க காரணம் காட்டினால் அக்காலம் நீட்டப்படலாம். முன்னர், மணவாழ்விற் பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே கிடைத்த இவ்வுரிமை, 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தாய் வழியாகவும் கிடைக்கின்றது.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருக்க, சிக்கல் எங்கே எழுகின்றது? தூதரகத்து மேசைமீது பத்திரங்களைப் பரப்பி வைக்கும்போது எழுகின்றது. தந்தையின் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். கடவுச்சீட்டில் வேறு எழுத்து. காவின் பதிவில் மூன்றாவது வடிவம். அரபு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்ட பிள்ளையின் பத்திரத்தில் நாலாவது. நால்வரும் ஒருவரே என்பதை அவ்வூரார் அனைவரும் அறிவர். ஆனால் மேசைக்கு அப்பால் இருப்பவர் அவ்வூரார் அல்லரே!

இதற்கு யாரையும் நொந்து பயனில்லை. அக்காலத்தில் வீட்டிலே பிள்ளை பிறக்கும். வாப்பாவோ மூத்தவாப்பாவோ சென்று சொல்ல, பதிவாளர் தம் காதில் விழுந்தவாறு தமிழில் எழுதுவார். தமிழிலே 'ப' என்னும் ஓரெழுத்து மூன்று ஒலிகளுக்கு நின்று உழைக்கின்றது. ஆதலின் ஏட்டிலே 'பாத்தும்மா' என நின்றவர், பாடசாலையிலே 'பாத்திமா' ஆகி, கடவுச்சீட்டிலே 'எப்' என்னும் ஆங்கில எழுத்தை முதலாகக் கொண்டுவிடுகின்றார். முகம்மது என்னும் திருப்பெயர் ஆங்கில எழுத்துக்களில் எத்தனை கோலம் கொள்கின்றது என்பதை நேயர்கள் தங்கள் குடும்பத்துப் பத்திரங்களைக் கொண்டே எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் வேறுபாடெல்லாம் பிழையன்று. அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேதான் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முன் கல்முனையிற் பிறந்தவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு என்றிருப்பதே சரி. அதைத் திருத்தப் புகுவது வீண் அலைச்சல். ஒரு விளக்கக் கடிதம் போதும். அவ்வாறே, தந்தையின் பெயரை முன்னே தாங்கும் நம் வழக்கினால் கணவன், மனைவி, பிள்ளை மூவர்க்கும் 'குடும்பப் பெயர்' வெவ்வேறாக அமைவதும் குற்றமன்று. அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிப்பன. பெண்களுக்கு அந்நாளோடு 500 கூட்டப்படும். எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 உண்டெனக் கொண்டே இக்கணக்குச் செய்யப்படுகின்றது. ஆகவே 1970 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 70061 என்று தொடங்கும். நாட்காட்டியைப் பார்த்து 60 என்று எண்ணியவர், ஒருநாள் பிழைத்துவிட்டதென மயங்கவேண்டியதில்லை.

பிறந்த ஆண்டே மாறியிருப்பின் அது வேறு செய்தி. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005ஆம் ஆண்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். பிறப்புப் பத்திரத்தின்படி அவர் பிறந்தது 1988ஆம் ஆண்டு. கடவுச்சீட்டிலோ 1982 என்றிருந்தது. அவர் பொறுப்பிலிருந்த குழந்தை அவ்வாண்டு மே மாதத்தில் இறந்து, அவர்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டபோது, ஒரு பத்திரத்தின்படி அவர் வயது 17, மற்றதன்படி 23. அவர் அப்போது சிறுமியே என்பது பலராலும் பலமுறை எடுத்துரைக்கப்பட்டும், 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயதைக் கூட்டி எழுதினால் எளிதிற் போகலாம் என்று சொல்லும் தரகர், எழுதிய பின் வரும் வழக்குக்கு வருவதில்லை.

இனித் திருத்தும் வழியைப் பார்ப்போம். பலர் கடவுச்சீட்டிலிருந்து தொடங்குகின்றனர். அது தலைகீழ் முறை. பிறப்புப் பதிவே வேர். அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் அதன் கிளைகள். வெளிநாட்டு இக்காமாவும் பிள்ளையின் பத்திரமும் அக்கிளைகளில் தோன்றியவை. எனவே முதலிற் பிறப்புப் பதிவின் பிரதியொன்றைப் புதிதாகப் பெற்று வாசித்தல் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி, இம்மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றபோது, தகரப்பெட்டியோடு பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. பின்னர் படியெடுத்துப் பெற்றவற்றை ஏட்டோடு ஒப்புநோக்காதவர் இப்பொழுதேனும் நோக்குக.

ஏட்டிலேயே பிழையிருப்பின், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்தல் வேண்டும். பெயரை மாற்றவும், விடுபட்ட பெயரைச் சேர்க்கவும், பிற விவரங்களைத் திருத்தவும் சட்டம் வழி வகுத்துள்ளது. இங்கே பழைய சான்றுக்கே மதிப்பு அதிகம்: பாடசாலைச் சேர்விடாப்பு, பெற்றோரின் விவாகப் பதிவு போன்றவை. நேற்று முடித்த சத்தியக்கடதாசி ஒன்றை மட்டும் கொண்டுபோய் நிற்பது போதாது. ஏடு சரியாயிருந்து, பின்வந்த பத்திரம் பிழைத்திருந்தால், ஏட்டைத் தொடாது அப்பத்திரத்தையே திருத்துக. எவ்வாறாயினும் தம் கைப்பேனாவால் ஓரெழுத்தையும் திருத்தலாகாது. பிழையாயிருந்த பத்திரம் அக்கணமே மோசடிப் பத்திரமாகிவிடும்.

மேல்நாடுகளிற் குடியேறி அந்நாட்டுப் பிரசைகளாக விரும்புவோர்க்கும் இம்முறையே பொருந்தும். அந்நாட்டுப் பிரசாவுரிமையைப் பெற்றபின், 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி இலங்கையின் இரட்டைப் பிரசாவுரிமையைக் கோரும்போது, அங்கே பதிந்த பெயரும் இங்கே பிறந்த பெயரும் நேருக்கு நேர் வந்து நிற்கும். முன்பு வழங்கிய பெயர்களையெல்லாம் கேட்கும் விண்ணப்பத்தில், அவற்றை ஒளியாது எழுதுக. தாமே சொன்ன வேறுபாட்டுக்கு விளக்கம் கேட்பார்கள். அவர்களாகக் கண்டுபிடித்த வேறுபாட்டுக்கோ காரணம் கற்பித்துக்கொள்வார்கள்.

பத்திரங்கள் ஒரு சமூகத்தையே வெளியே நிறுத்திய வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர் 8 இலட்சத்துக்கு மேல். உரிமை பெற்றோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. அச்சட்டத்தின் நோக்கமே வேறு என்பது உண்மைதான். ஆயினும் தொடர்ந்து வசித்ததைக் காட்டத் தாள் இல்லாமற் போனமை தோட்டத் தொழிலாளர்க்கு எத்துணைப் பெரிய தடையாயிற்று என்பதை மலையகத்து முதியோர் இன்றும் கூறுவர்.

பிள்ளை பிறக்கவிருக்கும் குடும்பத்தார் அந்த ஓராண்டைத் திருத்தத்திற் செலவிட்டுவிடாதிருக்க, பயணத்துக்கு முன்பே இருவருடைய பிறப்புப் பத்திரங்களையும் காவின் பதிவையும் கடவுச்சீட்டுக்களையும் ஒருங்கே வைத்து, எழுத்துக்கு எழுத்து வாசித்துப் பார்ப்பது நன்று. வாசிப்பவர் ஒருவராகவும், சரிபார்ப்பவர் வேறொருவராகவும் இருக்கட்டும்.