செத்தபிறகு கிடைத்த குடியுரிமை

போரைப் பற்றிப் பேசுகிறோம். நான் ஒரே ஒரு சிப்பாயைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஹோசே அந்தோனியோ குத்தியேரஸ்.

2003 மார்ச் 21. ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்த இரண்டாம் நாள். உம் கஸர் துறைமுகத்துக்கு அருகே அவர் கொல்லப்பட்டார். அமெரிக்கத் தரப்பில் முதலில் இறந்தவர்களில் ஒருவர். எதிரியின் குண்டு என்றார்கள். சொந்தப் படையின் குண்டு என்று பிறகு தெரிந்தது. அவர் அமெரிக்கக் குடிமகனும் அல்ல. குவாத்தமாலாக்காரர்.

சுவிட்சர்லாந்து இயக்குநர் ஹைடி ஸ்பெகோக்னா 2006இல் வெளியிட்ட ஆவணப்படம் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் போகிறது. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, குவாத்தமாலா நகரத்தின் தெருக்களில் வளர்ந்தவர். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து அமெரிக்காவுக்குள் நுழைந்தார். சிறுவன் என்றால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று வயதைக் குறைத்துச் சொன்னார். கலிஃபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்கள் அவரை ஏற்றுக்கொண்டன. கட்டடக்கலை படிக்கவேண்டும், ஊரில் இருக்கும் சகோதரிக்கு உதவவேண்டும். அதற்கு அவர் கண்ட வழி, மரைன் படை.

அவர் பிறந்து வளர்ந்த நாடு எப்படி இருந்தது? நிலச்சீர்திருத்தம் கொண்டுவந்த அர்பென்ஸ் அரசை 1954இல் சி.ஐ.ஏ. கவிழ்த்தது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் 2 லட்சத்துக்கு மேல். அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா பழங்குடியினர் என்கிறது உண்மை ஆணையம். எந்த வல்லரசு அந்த நாட்டைக் குலைத்ததோ, அதன் சீருடையில்தான் அவர் செத்தார்.

செத்தபிறகு அவருக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். அன்றைய சட்டப்படி அது வெறும் கௌரவம். அதைக் காட்டி உறவினர் யாரும் அங்கே குடியேற உரிமை கோர முடியாது. 2003 நவம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்கு வழி திறந்தது. அந்தப் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் இல்லை. பெற்றோர் இல்லாமல் வளர்ந்த ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சாதி ஒழிப்பு பேசும் நமக்கு இது தெரிந்த கதைதான். 1818 கோரேகான் போரில் செத்த மகர் சிப்பாய்களின் பெயர்களை ஆங்கிலேயர் தூணில் பொறித்தார்கள். அதே மகர்களைப் படையில் சேர்ப்பதை 1890களில் நிறுத்தினார்கள். செத்தவருக்குக் கல், அவர் பேரனுக்குக் கதவடைப்பு. 1927 சனவரி 1 அன்று அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்ற அம்பேத்கர், ஒரு மகர் சுபேதாரின் மகன்.

எனவே, நாட்டுக்காக உயிர்கொடுத்தார் என்று யாரையாவது புகழும்போது நாம் கேட்கவேண்டியவை சில உண்டு. உயிரோடு இருந்தபோது அவருக்கு வாக்குரிமை இருந்ததா? நிலம் இருந்ததா? படிக்க வழி இருந்ததா? குத்தியேரஸுக்கு வாக்குரிமை இல்லை. படிப்புக்குப் பணம் இல்லை. துப்பாக்கி மட்டும் உடனே கிடைத்தது.