கடலைத் தாங்கும் கண்காணா உயிர்கள்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலைப் பற்றி வெம்பாக்கத்தில் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாம் ஏரியும் கிணறும் தறியும் அறிந்தவர்கள். கடலைக் காணப் பேருந்து ஏறிச் செல்பவர்கள். ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களை ஆராயும் அறிவியலுக்கும் நம் வட்டாரத்துப் பட்டுக்கும் பழைய உறவு உண்டு. பிரான்சு நாட்டில் பட்டுப்புழுக்கள் நோயால் மடிந்துகொண்டிருந்தபோது, 1865-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் அதனை ஆராயப் புகுந்தார். தாய் அந்துப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்து, நோயற்ற முட்டைகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தார். ஆரணிப் பட்டில் ஓடும் இழைக்குப் பின்னும் அந்த நுண்ணோக்கி நிற்கிறது.

அதே நுண்ணோக்கியின் அடியில் ஒரு துளிக் கடல்நீரை வைத்தால் என்ன காண்போம்? ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பாக்டீரியாக்கள் உள்ளன. ஆனால் நெடுங்காலம் அறிஞர்கள் இவ்வுண்மையை அறிந்தாரில்லை. ஏன்? கண்ணாடித் தட்டில் வளமான கூழை ஊற்றி, அதில் கடல்நீரைத் தெளித்து, முளைத்தவற்றை மட்டுமே எண்ணினர். நூற்றில் ஒன்றுகூட முளைக்கவில்லை. எனவே கடலில் நுண்ணுயிர் குறைவு என்று கருதினர். 1970-களில், சாயமேற்றி ஒளிரச் செய்து நேரில் எண்ணும் முறை பரவிய பின்னரே உண்மைத் தொகை வெளிப்பட்டது.

இன்னொரு செய்தி கேளுங்கள். கடல்நீரில் இருந்த மரபுப்பொருளை ஆராய்ந்து, அதுவரை எவரும் வளர்த்தறியாத ஒரு பாக்டீரியா இனம் உண்டு என்று 1990-இல் கண்டனர். கடலில் மிகுதியாக வாழும் இனங்களுள் அது முதன்மையானது. எனினும் தட்டில் வளரவில்லை. 2002-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக அறிஞர்கள் அதனை வளர்த்தெடுத்தனர். எவ்வாறு? வளமான கூழை விலக்கி, அது வாழ்ந்த கடல்நீரையே கிருமி நீக்கிக் கொடுத்துப் பொறுமையுடன் காத்திருந்தனர். குறை உயிரில் இல்லை, தட்டில் இருந்தது.

இச்சிற்றுயிர்கள் செய்யும் பணி யாது? உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில் மிதக்கும் நுண்பாசிகளாலும் அவற்றையொத்த பாக்டீரியாக்களாலும் நிகழ்கிறது. அவற்றைச் சிறு மிதவைப் பிராணிகள் உண்ணும். அவற்றை நெத்திலி உண்ணும். நெத்திலியை வஞ்சிரம் உண்ணும். கசிந்தும் மடிந்தும் நீரில் கரைந்துபோகும் உணவையும் பாக்டீரியாக்கள் திரட்டி உண்டு, தாம் பிற சிற்றுயிர்க்கு இரையாகி, மீண்டும் உணவுச் சங்கிலியில் சேர்க்கின்றன. இச்சுழற்சியை 1983-இல் பரூக் ஆசம் முதலிய அறிஞர்கள் விளக்கினர். நாம் மல்லாட்டை என்னும் வேர்க்கடலையின் வேர்முடிச்சில் பாக்டீரியா தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருவதை நம் உழவர் அறிவர். கடலிலும் அப்பணி நடக்கிறது. மரத்தூள் தூவியதுபோல் நீரில் மிதக்கும் டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பசும்பாசி அதனைச் செய்கிறது.

சமநிலை குலைந்தால் தீங்கும் விளையும். 2019 ஆகஸ்டு 18-ஆம் நாள் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலநிறமாய் ஒளிர்ந்ததை மக்கள் கூடிக் கண்டு வியந்தனர். நாக்டிலூகா என்னும் ஓரணு உயிரின் ஒளி அது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மன்னார் வளைகுடாவில், மண்டபம் பகுதித் தீவுகளையொட்டி அதே உயிர் அளவின்றிப் பெருகிக் கடல் பச்சையாயிற்று. பெருகியவை மடிந்து அழுகுகையில் நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்தது, மீன்கள் செத்து மிதந்தன, பவளங்களும் அழிந்தன. கழிவுநீரும் உரச்சத்தும் கடலில் மிகுவது இத்தகைய பெருக்கத்திற்கு வழிவகுக்கும். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடி வங்கக் கடலை நோக்கிச் செல்கிறது. நாம் ஆற்றில் விடுவது கடலுக்கும் உரியதாகிவிடுகிறது.

இளைஞர்களே! இவ்வுரையால் நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. "அடியில் இருப்போர் அடியிலிருந்து தாங்குவதே இயற்கை" என்று இதற்கு எவரேனும் பொருள் சொன்னால் ஏற்காதீர்கள். பாசி அடித்தளமாவது இயற்கையின் அமைப்பு. மனிதரைக் கீழே வைத்தது மனிதர் வகுத்த கொடுமை. நாம் கொள்ளவேண்டிய பாடம் தட்டைப் பற்றியது. நம் பாட்டனார் காலத்தில் நம்மவர் பள்ளியில் முளைக்கவில்லை; ஆகவே நமக்கு அறிவில்லை என்று கணக்கெழுதினர். அது பிறர் செய்த பிழை. ஆனால் ஆசிரியப் பணியில் இருக்கும் நாமும், தேர்வில் தேறாத பிள்ளையைப் பார்த்து "இவனுக்குத் தலையில் ஏறாது" என்று சொல்லியதுண்டு. தறியில் இரவெல்லாம் இழையெடுத்துவிட்டு வரும் சிறுமி வகுப்பில் கண்ணயர்ந்தால் கடிந்ததுண்டு. தட்டைச் சோதிக்காமல் உயிரைக் குறைகூறிய குற்றம் நம்முடையதும் ஆகும். அதனை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

ஆதலின் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாலை நேரப் படிப்பகத்தில் ஒரு நுண்ணோக்கி வாங்கி வையுங்கள். பெற்றோர்களே, பத்தாம் வகுப்போடு பெண்பிள்ளையைத் தறிக்கு அனுப்பாதீர்கள். மேல்நிலையில் அறிவியல் பிரிவு நமக்கு எட்டாதது என்று அஞ்சாதீர்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஏரிக்கரையில் வளர்ந்த நம் பிள்ளைகளுள் ஒருவர் அங்கே சென்று கடல்நீர்த் துளியை ஆராயும் நாள் வரவேண்டும். அந்நாளே நம் கழகத்தின் பொன்விழாவுக்கு ஏற்ற சிறப்பாகும்.

வாழ்க கல்விக் கழகம்! வளர்க நம் இளைய தலைமுறை!