குழந்தையின் சுபாவமும் மனநலமும்



ஒரே தாய் வயிற்றிற் பிறந்து, ஒரே வீட்டில் ஒரே சோறுண்டு வளரும் பிள்ளைகள் இருவர் ஒருவரையொருவர் ஒத்திராமையைக் காணாத பெற்றோர் இல்லை. மூத்தது யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டு தாவும். இளையதோ பெரியப்பாவின் மீசையைக் கண்டதும் தாயின் சேலைக்குள் முகம் புதைக்கும். மூத்தது பசியெடுத்தால் முனகும். இளையது அயல் முழுதும் கேட்க அலறும். அது தகப்பன் வழிக் குணம் என்று தாய் வீட்டாரும், தாய் வழிக் குணம் என்று தகப்பன் வீட்டாரும் சொல்லி அவ்வழக்கைத் தீர்த்துக்கொள்வர். அக்குணத்தையே சுபாவம் என்ற பெயரால் இன்று எடுத்துப் பேச எண்ணுகின்றேன். குழந்தை எதனைச் செய்கின்றது என்பதன்று, எவ்வாறு செய்கின்றது என்பதே சுபாவம். அழாத குழந்தை உலகில் இல்லை. எவ்வளவு விரைவில் அழுகின்றது, எவ்வளவு உரத்து அழுகின்றது, அழுதபின் ஆறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கின்றது என்பவற்றிலேயே வேறுபாடு காணப்படும்.

இப்பொருளை நான் தேர்ந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பெருமையாகச் சொல்லத்தக்க காரணமன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலையிற் பாலர் வகுப்புக்குப் பொறுப்பாயிருந்தேன். தை மாதத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகளுள் ஒரு சிறுவன், அம்மம்மாவின் கையை விடாமல் வகுப்பு வாசலிலேயே நின்றான். அவன் அழவில்லை, கூச்சலிடவுமில்லை. உள்ளே வரமாட்டேன் என்று நின்றான், அவ்வளவே. நான் அவனைத் தூக்கி வந்து முன்வாங்கில் இருத்தினேன். கூச்சம் தெளியட்டும் என்று, நாள்தோறும் அவனை எழுப்பிப் பெயரைச் சொல்லும்படி கேட்டேன். அவன் வாய் திறக்கவில்லை. “ரீச்சர், புது இடமெண்டால் அவன் இப்பிடித்தான். கொஞ்ச நாளைக்கு நான் விறாந்தையில இருக்கிறன். பிறகு தானா உள்ளுக்கு வருவான்” என்று அம்மூதாட்டி கேட்டார். ஒருவருக்கு இடங்கொடுத்தால் முப்பது பேருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்று மறுத்துவிட்டேன். நான்காம் வாரம் தொடங்கிய பொழுது காலைதோறும் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. மாசி மாதத்தில் அவனை விலக்கி வேறிடத்திற் சேர்த்துவிட்டார்கள். ‘பிடிவாதக்காரன்’ என்று இடாப்பின் ஓரத்தில் என் கையாலேயே குறித்து வைத்திருந்தேன். அம்மம்மா சொன்ன அதே செய்தியை நூல்களிற் படித்து அறிந்துகொள்ள எனக்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

நியூயோர்க் நகரில் அலெக்சாண்டர் தோமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் தம்பதியர் வாழ்ந்தனர். இருவரும் உளமருத்துவர்கள். பிள்ளைக்கு மனக்குறை யாதேனும் நேர்ந்தால், தாய் வளர்த்த முறையே காரணம் என்று கற்றோரும் மற்றோரும் தாயின் தலையிற் பழியை ஏற்றிய காலம் அது. அப்பழி நியாயமானதா என்று ஆராயப் புகுந்த இவர்கள், 1956ஆம் ஆண்டிலே கைக்குழந்தைகளைத் தேர்ந்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். இவ்வாறு கவனிக்கப்பட்டோர் 133 பேர். பெற்றோரிடம் அவர்கள் வினாவிய முறை என்னை மிகக் கவர்ந்தது. “உங்கள் பிள்ளை முரடனா, சாதுவா?” என்று கேட்கவில்லை. முதன்முதல் தொட்டியில் வைத்துக் குளிப்பாட்டிய பொழுது குழந்தை என்ன செய்தது, பாலன்றி வேறுணவை முதன்முதல் வாயில் வைத்த பொழுது துப்பியதா விழுங்கியதா, மறுநாள் என்ன செய்தது என்றே கேட்டனர். தாய் தன் தீர்ப்பைச் சொல்லாமல், கண்டதைச் சொல்ல வேண்டியவளானாள்.

பசியும் உறக்கமும் நேரந்தவறாது வரும், புதியதைக் கண்டால் மகிழும், பெரும்பாலும் முகமலர்ச்சியோடு இருக்கும் குழந்தைகள் நூற்றுக்கு 40 பேர். இவற்றுக்கெல்லாம் மாறாக, ஒழுங்கில்லாத உறக்கமும், புதியன மீது வெறுப்பும், உரத்த அழுகையும் உடைய கடினமான குழந்தைகள் நூற்றுக்கு 10 பேர். ஆரவாரமின்றி ஒதுங்கி நின்று, மெல்ல மெல்ல இணங்கிவரும் குழந்தைகள் 15 பேர். எஞ்சியோர் இப்பிரிவுகளுள் ஒன்றிலும் அடங்காதவர். பிள்ளைகள் எல்லோரும் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்று யார் விதித்தார்? என் வகுப்பு வாசலில் நின்ற சிறுவன் அந்தப் பதினைந்து பேரைச் சேர்ந்தவன் என்பதை இப்பகுதியைப் படித்த அன்றே உணர்ந்தேன்.

கடினமான குழந்தைகளிற் பத்துக்கு ஏழு பேர் வளரும் காலத்தில் ஏதோ ஒரு வேளையில் மருத்துவர் கவனிக்கத்தக்க நடத்தைக் குறைபாட்டுக்கு ஆளாயினர். இத்தொகையைக் கேட்டு அஞ்சுதல் இயற்கை. ஆயினும் எஞ்சிய மூவர் ஏன் தப்பினர் என்று கேட்டவிடத்தேதான் அவ்வாராய்ச்சியின் பயன் வெளிப்பட்டது. சுபாவம் தனித்து நின்று நோயை உண்டாக்கவில்லை. அச்சுபாவத்திற்கும் வீடு அதனிடம் எதிர்பார்த்ததற்கும் இடையிலிருந்த பொருத்தமின்மையே உண்டாக்கியது என்று அவர்கள் கண்டனர். கலியாணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நமக்கு இந்தச் சொல் புதியதன்று. பிள்ளைக்கும் வீட்டுக்கும் அப்படியொன்று உண்டென்பதையே நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இதற்குச் சான்றாக, அவர்கள் நூல்களில் விரித்துரைத்த ஒருவனின் வரலாற்றைச் சொல்லுகின்றேன். கைக்குழந்தையாயிருந்த காலத்தில், அவர்கள் கண்ட கடினமான குழந்தைகளுள் அவனும் மிகக் கடினமானவன். முதற் குளிப்பு, முதற் சோறு, கடைக்குப் போன முதல் நாள், பாலர் பள்ளி, பிறந்தநாள் விருந்து, எதுவாயினும் அலறலும் உதறலுமே. தன்னிடந்தான் ஏதோ குறை என்று தாய் மனம் நொந்தாள். தகப்பனோ, “என் மகனுக்கு என்ன உரம் பார்!” என்று மகிழ்ந்தான். அம்மகிழ்ச்சி தாய்க்கும் ஆறுதலாயிற்று. பொறுத்திருந்து அதே அனுபவத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், சில நாட்களில் அவன் அதில் முழுமனத்தோடு ஈடுபடுவான் என்பதைப் பெற்றோர் கண்டுகொண்டனர். அவர்கள் வேறூருக்குக் குடிபெயரவுமில்லை. பழகிய தெரு, பழகிய நண்பர் என்று அவன் நல்ல பிள்ளையாக வளர்ந்தான். தான் ஒரு காலத்தில் அவ்வாறிருந்தவன் என்பதையே மறந்துவிட்டான்.

பின்னர் ஊரை விட்டுப் பல்கலைக்கழகம் சென்றான். புதிய இடம், புதிய முகங்கள், புதிய படிப்பு முறை, ஒரு பெண்ணோடு சிக்கலான உறவு எல்லாம் ஒரே சமயத்தில் வந்து சூழ்ந்தன. முதற் தவணை முடிவதற்குள் மனம் சோர்ந்து, படிப்பிலே கருத்தூன்ற மாட்டாதவனாய், டொக்டர் செஸ்ஸைத் தேடி வந்தான். அவர் மருந்தொன்றும் கொடுக்கவில்லை. அவனுடைய குழந்தைப் பருவத்தை அவனுக்கே எடுத்துக் கூறினார். புதியன பல ஒன்றாய் வரும்போது உன் மனம் முதலிற் பின்வாங்கும். உன் தாயார் அன்று செய்தது போல, ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாகப் பழகிக்கொள் என்றார். ஒருமுறை நிகழ்ந்த அந்த உரையாடலே போதியதாயிற்று. ஆண்டிறுதியில் அவன் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தான். சுபாவம் இருபது ஆண்டுகளாகியும் அழிந்துவிடவில்லை. அதனோடு வாழும் வழியை அவன் அறிந்துகொண்டான்.

அதே நகரிற் புவெர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். வசதியுள்ள வீடுகளில் உறக்க நேரம் தவறும் குழந்தை பெருந்தொல்லையாகக் கருதப்பட்டது. அத்தொழிலாளர் வீடுகளிலோ, குழந்தை உறங்கிய நேரமே உறங்கும் நேரம்; ஆதலின் அதனை ஒரு குறையாக எவரும் எண்ணவில்லை. பள்ளிக்கூட மணி அவ்வீட்டுக்குள் நுழைந்த பின்னரே தொல்லை தொடங்கிற்று.

எல்லாம் வீட்டின் கையில்தான் என்று கொள்வதும் பொருந்தாது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்து ஜெரோம் கேகன் என்னும் உளவியலறிஞர், நான்கு மாதக் குழந்தைகளுக்கு ஆடும் பொம்மைகளைக் காட்டியும், அறிமுகமில்லாத குரல்களைக் கேட்பித்தும் சோதித்தார். ஐந்தில் ஒரு பங்கினர் கைகால்களை உதறி அழுதனர். பின்னாளில் அச்சமும் கூச்சமும் உடைய பிள்ளைகள் இவர்களிடையே கூடுதலாக இருந்தனர். எனினும் ஆண்டுதோறும் தொடர்ந்து அஞ்சியவராகவே வளர்ந்தோர் அவர்களுட் சிறுபான்மையினரே. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இரண்டு வயதிற் புதியோரைக் கண்டு ஒதுங்கியவர்களை இருபது வயது கடந்தபின் மூளைப் படம் பிடித்துப் பார்த்தது. அறியாத முகங்களைக் கண்டபோது, அச்ச உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் பகுதி அவர்களிடத்தில் மற்றோரினும் மிகுதியாகத் தொழிற்பட்டது. “வேண்டுமென்றே செய்கிறான்” என்று பிள்ளையைக் கண்டிக்குமுன் இதனை நினைத்துப் பார்க்கலாம்.

நியூசீலாந்து நாட்டு டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1037 பிள்ளைகளை அறிஞர்கள் இன்றளவும் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர். மூன்று வயதில் அடங்காத் துடிப்பும் சினமும் காட்டிய பிள்ளைகளிடையே, 21 வயதிற் சமூக விரோத நடத்தை கூடுதலாக இருந்தது. மூன்று வயதில் அச்சத்தால் ஒடுங்கியிருந்தவர்களிடையே மனச்சோர்வு நோய் கூடுதலாக இருந்தது. இத்தொடர்பு மெய்யானதே; ஆனால் வலிமை குறைந்தது. அவ்வாறிருந்த பிள்ளைகள் பலர் எக்குறையுமின்றி வளர்ந்தனர்.

ஒல்லாந்தில் நடந்த ஒரு முயற்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பிறந்த சில நாட்களிலேயே எளிதிற் சினந்தழும் நூறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். எல்லாம் வருவாய் குறைந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்களிற் பாதிப்பேரின் வீடுகளுக்கு, ஆறாம் மாதத்திற்கும் ஒன்பதாம் மாதத்திற்கும் இடையில் மும்முறை சென்று தாய்மாருக்கு வழிகாட்டினர். குழந்தையின் குறிப்பை அறிதல், அழும்போது ஆற்றுதல், அழாது விளையாடும் வேளையிலும் அதனோடு சேர்ந்திருத்தல் ஆகிய எளிய செயல்களையே கற்பித்தனர். ஓயாது அழும் குழந்தை சற்றே அமைதியானால், களைத்த தாய் “அப்பாடா” என்று அப்பாற் போவது இயல்பன்றோ? ஒரு வயதில், வழிகாட்டல் பெற்ற குழந்தைகளிற் பாதிக்கு மேற்பட்டவை தாயிடம் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்தன. பெறாதவற்றில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கே அவ்வாறிருந்தன. இம்முடிவுகள் 1994இல் வெளியாயின. மூன்று முறை வீடு தேடிப் போனதற்குக் கிடைத்த பலன் இது.

சுபாவத்தையும் நோயையும் ஒன்றாக எண்ணிக் குழம்பவும் கூடாது. கூச்சமுள்ள பிள்ளை மெல்ல முன்னேறும். நேற்று வாசலில் நின்றது இன்று கதவருகே நிற்கும். முன்பு சிரித்து விளையாடிய பிள்ளை திடீரென ஒடுங்கினாலோ, உணவும் உறக்கமும் பல நாட்களாகக் குறைந்தாலோ, வீட்டிற் பேசும் பிள்ளை பாடசாலையில் மாதக்கணக்காக ஒரு சொல்லும் பேசாதிருந்தாலோ, “வளர வளரச் சரியாகிவிடும்” என்று காத்திராமற் குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அந்நூல்களைப் படித்த பின் வந்த தை மாதத்தில், என் வகுப்பு விறாந்தையில் இரண்டு கதிரைகள் போடுவித்தேன். முப்பது பேரும் அம்மம்மாமாரை அழைத்து வருவார்கள் என்று நான் அஞ்சியது நடக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கே அவை தேவைப்பட்டன. ஒரு சிறுமி இரண்டாம் நாளே உள்ளே வந்துவிட்டாள். மற்றொருத்திக்கு ஒரு கிழமை சென்றது. மூன்றாமவனுடைய அப்பப்பா பதினொரு நாள் அங்கே இருந்து பத்திரிகை படித்தார். பன்னிரண்டாம் நாட் காலையிற் பேரன் திரும்பிப் பாராமல் வகுப்புக்குள் ஓடிய பின்னரும், அவர் நெடுநேரம் அந்தக் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை.