கழிவுநீர் கழனிக்கு வருமுன்

(மண்ணூர்பேட்டையில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



சாண எரிவாயுக் கலம் நீங்கள் அறிந்ததே. காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்து மீத்தேன் வாயு தருகின்றன. ஊர்க் கழிவுநீரையும் இவ்வாறே சுத்திகரிக்கலாம். கான்பூரை அடுத்த ஜாஜ்மாவில் 1989-இல் இத்தகைய நிலையம் அமைந்தது.

குளிர்தான் இதற்குப் பகை. 20 பாகை செல்சியசுக்குக் கீழே நுண்ணுயிரிகள் மந்தமாகிப் பெருகுவது குறையும். பெருகுமுன் நீரோடு வெளியேறிவிடும். இதைத் தடுக்கவே சவ்வு வடிகட்டி. அதன் துளைகள் பாக்டீரியாவினும் சிறியவை. நீர் வெளியேறும், நுண்ணுயிரிகளும் குடற்புழு முட்டைகளும் உள்ளேயே நின்றுவிடும். ஆனால் சவ்வு அடைத்துக்கொள்ளும், அடிக்கடி கழுவ வேண்டும். செலவு அங்கேதான். நம் வட்டாரத்தில் மார்கழியிலும் கடுங்குளிர் இல்லாதது நமக்கு ஒரு வசதி.

இம்முறையில் தழைச்சத்து பெரும்பாலும் நீரிலேயே தங்கும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒருமுறை பாய்ச்சினால் 6 கிலோ தழைச்சத்து, அதாவது 13 கிலோ யூரியா. பத்துப் பாய்ச்சலுக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை! அதற்குமேல் வழக்கம்போல் யூரியாவும் இட்டால் நெல் சாய்ந்துவிடும்.

தொழிற்சாலை நீர் கலந்திருந்தால் கதையே வேறு. கரைந்த உப்பையும் குரோமியத்தையும் இச்சவ்வு தடுக்காது. அந்நீர் கீரைக்கும் வேண்டாம், தீவனப்புல்லுக்கும் வேண்டாம். சுத்தமான புட்டியில் ஒரு லிட்டர் எடுத்து ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். முடிவு வந்தபின் மடையைத் திறக்கலாம்.