விளைநிலமும் வெற்றிக் கிண்ணமும்



விளையாட்டுக் கழகமொன்று வாகை சூடினால், கிண்ணத்தை ஏந்திய கைகளையே நாம் காண்கிறோம். அக்கைகளில் முதன்முதலாகப் பந்தைக் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. விடை காண, ஆஸ்திரேலியாவில் சிட்னி மாநகரின் மேற்கு ஓரத்திலுள்ள பென்ரித் என்னும் ஊருக்குச் சென்று வருவோம்.

அவ்வூரார் உயிரெனப் போற்றுவது ரக்பி லீக் என்னும் பந்தாட்டம். பக்கத்துக்குப் பதின்மூவர் ஆடுவர். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடுவர். எதிரணியினர் மறித்து வீழ்த்துவர். இவ்வாட்டத்தின் பிறப்பே உழைப்பாளர் வரலாறாகும். வட இங்கிலாந்தின் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் பாடுபட்டோர், ஆட்டத்தின் பொருட்டு இழந்த கூலிக்கு ஈடு கோரினர். பழைய ரக்பிச் சங்கத்தார் இசையவில்லை. ஆகவே 1895-இல் வடபுலக் கழகங்கள் ஹடர்ஸ்ஃபீல்டு நகரிற் கூடித் தனியே பிரிந்தன. 1908-இல் சிட்னியிலும் போட்டிகள் தொடங்கின.

பென்ரித் கழகம் முதல்தரப் போட்டியில் நுழைந்தது 1967-இல். 1991-இலும் 2003-இலும் வென்றது. பின்னர் 2021 முதல் 2024 வரை நான்காண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது. 1956 முதல் 1966 வரை பதினோராண்டுகள் இடையறாது வென்ற செயின்ட் ஜார்ஜ் கழகத்துக்குப் பின், வேறெவரும் இதனைச் செய்ததில்லை.

இவ்வெற்றி விலைக்கு வாங்கியதன்று, பெரும்பாலும் விளைவித்தது. தெருவோர மைதானங்களில் சிறு கழகங்கள் பல உள்ளன. அங்கே பெற்றோரே பயிற்சியாளர். அவர்களே பந்து சுமப்போர். அங்கு வளர்ந்த சிறுவர் பதின்ம வயதில் வட்டார அணிக்கும், பின்பு கழகத்தின் இளைஞர் பயிலகத்துக்கும் செல்கின்றனர். ஜரோம் லூவாய், பிரையன் டோஓ முதலிய வீரர்கள் மவுன்ட் டிரூயிட் பகுதியில் வளர்ந்த, சமோவா வழிவந்த குடும்பப் பிள்ளைகள். 2022 உலகக் கிண்ண இறுதி ஆட்டத்தில் சமோவாவுக்காக ஆடியவர்களும் இவர்களே.

ஊதிய வரம்பு விதியினால், வளர்த்த வீரர் அனைவரையும் ஒரு கழகம் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலாது. 2024-க்குப் பின் லூவாயும் வேறு கழகம் சென்றார். ஆயினும் நாற்றங்கால் இருக்கும்வரை வயல் தரிசாவதில்லை.

இங்கே ஒரு வினா எழுகிறது. பயிலகத்தின் வாயிலை எட்டும் சிறுவர் பலர். முதலணியை அடைவோர் மிகச் சிலர். எஞ்சியோர் கதி என்ன? தேர்வு பெறாத சிறுவன் வெறுங்கையோடு வீடு திரும்பினால், அக்கழகம் எத்தனை கிண்ணம் வென்றும் பயனென்ன? அவனுக்குக் கல்வியும் தொழிலும் வழிகாட்ட வேண்டும்; சிறு மைதானமும் அவனைத் திரும்பவும் வரவேற்க வேண்டும். நாளை அடுத்த தலைமுறைக்குப் பந்து கொடுப்பவன் அவனே. ஒரு கழகத்தை அளக்க உரிய கோல் இதுவேயென நாம் கருதுகிறோம்.

நேயர்களே, பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்தவர்கள் நாம். டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ நம் பிள்ளை பிறமொழிப் பிள்ளைகளோடு மைதானத்தில் இறங்கும்போது, அவ்வூர் அவனுக்குச் சொந்தமாகத் தொடங்குகிறது. ஆகவே மாலையில் அவனைத் தனியே அனுப்பாமல், நாமும் உடன் செல்வோமாக. எல்லைக்கோட்டருகே நின்று பந்தெடுத்துக் கொடுக்க நமக்கும் கைகள் உண்டன்றோ?